நல்ல தண்ணீர் ஊற்றிய கிளாஸ்

என் மேஜைக்கு அடியில் ஒரு மருந்து டின் இருக்கிறது. வேர்க்கடலைச் செடியில் ஏறும் கம்பளிப்பூச்சிக்கு அடிக்கிற மருந்து. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பைக்குள் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் அறை முழுக்க வாடை. ஜன்னலைத் திறந்தால் செங்கம் ரோட்டுத் தூசி வருகிறது, மூடினால் இது. தூசியே தேவலை என்று திறந்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு இந்த வாடை புதிதில்லை. கடைக்கு மேலேயே வீடு என்பதால் உன் புடவைத் தலைப்பில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டுப் பிரியாணியிலும் அது அடிக்கிறது என்று நான் சொன்னால், "அப்ப துன்னாத, நானே துன்னுக்கிறேன்" என்று டிபன் டப்பாவை உன் பக்கம் இழுத்துக்கொள்வாய். நான் விட்டுக் கொடுத்ததில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

இன்று உன் அண்ணன் கடைக்குப் போனேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. அங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை, நீயோ இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்குப் போக எனக்கு வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் வருவேன், திட்டாதே.

நம் கல்லூரியின் விலங்கியல் துறையில் நாம் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். எழுபதுகளின் கடைசி. பாடம் நடத்துகிற பெரிய வேலையெல்லாம் மற்றவர்களுக்கு. கரப்பானையும் தவளையையும் அறுத்துக் காட்டுகிற வேலை நமக்கு. நான் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை போடுகிற வீட்டுப் பெண். நீ தேரடி வீதியில் விதையும் உரமும் பூச்சி மருந்தும் விற்கிற பாயின் தங்கை. உன் அப்பா காலமான பிறகு உன்னை வளர்த்தது அண்ணன்தான். பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது, "அது படிக்கட்டும், இதுக்கு மேல யாரும் பேசாதீங்க" என்று ஒற்றை ஆளாக நின்றவர். கல்லூரிக்குப் போகும்போது உன்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் கடை திறப்பார் என்று நீ சொல்லியிருக்கிறாய். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் அவர் செய்ததை மட்டும் பார்த்து அவரைக் கெட்ட மனிதர் என்று நானே நினைத்துவிடக் கூடாது.

எம்.ஃபில். ஆய்வுக்கு எந்த ரசாயனத்தை எடுப்பது என்று நீ அலைந்தபோது, அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக் கொடுத்ததே அவர்தானே. "புதுசா வந்திருக்கு, ஜாஸ்தி ஓடுது. இத வெச்சு எழுது. என் கடை மருந்துல என் தங்கச்சி பட்டம் வாங்கிச்சினு நாலு பேர்கிட்ட சொல்லிக்குவேன்" என்றாராம். நீ அதை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாய்.

ஆய்வு இதுதான்: மருந்து கலந்த தண்ணீரில் சின்ன உயிர்கள் ஒரு நாளில் என்ன ஆகின்றன, மறுநாள் என்ன ஆகின்றன, எந்த அளவில் பாதி அடங்கிப் போகின்றன. அதற்கு நாம் எடுத்தது டாப்னியா. தண்ணீர்த் தெள்ளு என்று மாணவர்களுக்குச் சொல்வோம். கடுகு அளவுகூட இருக்காது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்தால் உள்ளே இதயம் அடித்துக்கொள்வது தெரியும். எங்கள் ஊர்க் குட்டையில் அது ஏராளம். துணி வலையும் தூக்குப் பாத்திரமுமாக நாம் பஸ்ஸில் போய் அள்ளிக்கொண்டு வந்தோம். கண்டக்டர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கா ரெண்டு பேரு இந்தப் பிடி பிடிக்கிறீங்க" என்று கேட்டார்.

பானைகளில் வளர்த்தோம். சாயங்காலம் தாய்களைத் தனியாக எடுத்து வைத்து, காலையில் அவை போட்டிருக்கும் குஞ்சுகளைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாயின் வாயைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் விட வேண்டும். மேலிருந்து விட்டால் ஓட்டுக்குள் காற்றுப் புகுந்து மிதக்கத் தொடங்கிவிடும், பிறகு அதைக் கீழே இறக்க முடியாது. எனக்கு அந்தப் பொறுமை வர நாளானது. உனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

வரிசையாகக் கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். கடைசியாக ஒரு கிளாஸில் மருந்தே கிடையாது, வெறும் நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீரில் இருப்பவை பிழைத்திருந்தால்தான் மற்றதையெல்லாம் நம்பலாம். அவையும் விழுந்துவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நமக்கு அதுதான் நடந்தது. திரும்பத் திரும்ப நடந்தது. நல்ல தண்ணீரில் விட்ட குஞ்சுகள் மறுநாளே கிளாஸின் அடியில் கிடந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் என்று சந்தேகப்பட்டுக் குட்டைத் தண்ணீரைச் சுமந்து வந்து வடிகட்டி ஊற்றினோம். வெயில் என்று நினைத்து ஜன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டினோம். உன் கைடு தூரத்து ஊரில் இருந்தார். எழுதிக் கேட்டால், கவனமாகச் செய்யவும் என்று பதில் போட்டார்.

கடைசியில் அட்டெண்டர் முனுசாமியைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. அவர் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்து, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, நாம் கழுவி வைத்த கிளாஸ் ஒவ்வொன்றையும் வாசனை விபூதி போட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வெள்ளிச் சாமானுக்குச் செய்கிற மாதிரி. நாம் கதவருகே நிற்பதைப் பார்த்ததும் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாருங்கம்மா எப்படி மின்னுதுன்னு. உங்க படிப்புக்குனு சாமிய வேண்டிக்கினுதான் தொடைக்கிறேன்."

உனக்கு வந்த சிரிப்பை அடக்க நீ வராந்தாவுக்கு ஓடிவிட்டாய். நான் அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "வேணாம்டீ. நான் சொன்னா வேற மாதிரி போயிடும். நீ சொன்னாலும் எம்பேருதான் அடிபடும். பாவம், வேண்டிக்கினு செய்றாரு. நாம இன்னொரு வாட்டி கழுவிக்கலாம்." அன்றிலிருந்து அவர் துடைத்துவிட்டுப் போனதும் நாம் கதவைச் சாத்திக்கொண்டு திருடர்களைப் போல எல்லாவற்றையும் மறுபடி கழுவினோம். நல்ல தண்ணீர்க் கிளாஸில் குஞ்சுகள் துள்ளத் தொடங்கின. அவற்றைப் பார்த்து நீ கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

நீ வேறு ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் முனுசாமியிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்பவே சொல்லக் கூடாதாம்மா. அந்தம்மா சொன்னா நான் கோச்சிக்குவேனா? கழுவின கிளாஸயே எதுக்கு கழுவுறாங்கன்னு நான் எத்தினி நாளு யோசிச்சிருக்கேன்" என்றார். இதை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. இன்று கடையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எண்ணுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாய். கிளாஸை விரலால் லேசாக ஆட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நீந்தாததைத்தான் கணக்கில் எடுக்கலாம். அப்போதும் செத்தது என்று எழுதக் கூடாது. அசைவற்றது என்றுதான் எழுத வேண்டும். நான் அவசரக்காரி. அடியில் கிடந்தால் உடனே பென்சிலை எடுத்துவிடுவேன். "இருடீ. ஆட்டிட்டு சும்மா இரு. அதுக்குள்ள போச்சின்னு சொல்றதுக்கு நாம யாரு" என்பாய்.

முடிவு வந்தபோது நமக்கே பயமாக இருந்தது. ஓர் அண்டாத் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தால்கூட அதிகம் என்கிற அளவில் அவை அடங்கிப் போயின. அதே சமயம் எங்கள் ஊரில் என் அப்பா மருந்தடித்துவிட்டு வந்து, முதுகில் மாட்டும் டேங்கைக் குட்டையில் முக்கிக் கழுவினார். நீ கரையில் நின்று பார்த்தாய். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். குட்டையில் மீன் கம்மியாகிவிட்டது என்று அவர்களே சொல்லவும் செய்தார்கள். டின்கள் எல்லாம் உன் அண்ணன் கடையில் வாங்கியவை.

அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றாய். சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்றாய். இரண்டு கிளாஸை ஒரு கூடையில் வைத்து, சிந்தாமல் நான் தூக்கி வந்தேன். ஒன்றில் மருந்து, ஒன்றில் நல்ல தண்ணீர். அன்றைக்குச் சந்தை நாள் என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கடை முழுக்க ஆள். நீ அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கல்லா மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய்.

"இன்னா பாய் இது, கொசுப்புழுவா?" என்று ஒருவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இது குட்டைல இருக்கிறது. மீன் குஞ்சுக்கு இதான் சோறு. இந்தப் பக்கம் பாரு, நம்ம மருந்து, துளியூண்டுதான். எல்லாம் படுத்திடுச்சி."

உன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பூச்சி மருந்துல பூச்சி சாவுது. இதக் கண்டுபிடிக்கவா இத்தினி வருசம் படிச்ச?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார்.

நீ சிரிக்கவில்லை. "விக்காதனு சொல்லல. டேங்க குட்டைல கழுவாதீங்கனு, வாங்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

அவர் முகம் மாறியது. "நான் வெஷம் விக்கிறேனு நானே சொல்லணுமா? அத்தினி பேரும் எதிர்க்கடைக்குப் போவான். அதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" எழுந்து இரண்டு கிளாஸையும் எடுத்தார். வாசலுக்குப் போய், வெயிலில் கொதிக்கிற ரோட்டில் இரண்டையும் கவிழ்த்தார். வெறும் கிளாஸ்களைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

தேரடி தாண்டியதும் நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அந்த நல்ல தண்ணி கிளாஸு இன்னாடீ பண்ணுச்சி?"

பட்டம் வாங்கினாய். புத்தகமாகக் கட்டிய உன் ஆய்வு கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாமல் இருக்கிறது. அண்ணன் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வாணியம்பாடியில் உனக்கு வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆனது. கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அவர்தான் செய்தார், ஒரு வார்த்தை பேசாமல். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நீ வீட்டுக்கு வருவாய். அவர் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு இறங்கிப் போய்விடுவார். மறுநாள் என் அறைக்கு வந்து சொல்வாய்.

"பேசினாரா?"

"இன்னும் இல்ல."

"அசைவற்றதுனு எழுதிட வேண்டியதுதானே?"

"இருடீ. ஆட்டிட்டு வந்திருக்கேன். சும்மா இருந்து பாப்போம்."

எனக்கு எரிச்சலாக வரும். நீ கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு இத்தனை வருஷ மௌனமா என்று உன் அண்ணனை உன் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். நீ ஒரு தடவைகூடச் சேர்ந்து திட்டியதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது பஸ் தேரடி வீதியைத் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாய். அதையும் நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலை. ஒரு மாதம்கூட இருக்க விடவில்லை. தகவல் தெரிந்து நான் வாணியம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை எடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள். உன் அண்ணன் வாசலில் தனியாக ஒரு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அது பேச்சில்லை. நான் குடியிருக்கிற இந்த ஆசிரமப் பக்கத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் மௌனத்தைத் தேடிக் கடல் தாண்டி வருகிறார்கள். எனக்கு அது வீட்டுக்கே வந்து சேர்கிறது. கார்த்திகை தீபத்தன்று ஊரே கொள்ளாத கூட்டம். மாடியில் நின்று மலையைப் பார்த்தேன். பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கைப்பிடிச் சுவர்தான் இருந்தது. இப்போது ஜில்லா பிரித்துவிட்டார்கள், வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் என்கிறார்கள். எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நீ இருந்தால் அதில் என்ன கேலி செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன்னோடு இருந்தபோது எனக்கும் கேலி வரும்.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது, வரும்போது மருந்து வாங்கி வா என்று தம்பி ஆளிடம் சொல்லி அனுப்பினான். அப்பாவுக்குப் பிறகு நிலத்தை அவன்தான் பார்க்கிறான். எதிர்க்கடையில் சரக்கு இல்லை. வேறு வழியில்லாமல் உன் அண்ணன் கடைப்படி ஏறினேன்.

எனக்கு முன்னால் ஓர் இளைஞன் நின்றான். உன் அண்ணனுக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. டின்னைத் தாளில் சுற்றிக் கட்டினார். அவன் கை நீட்டினான். அவர் கொடுக்காமல் டின்னின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "டேங்க குட்டைல கழுவாத. ஏரிலயும் கழுவாத. மேட்டுல குழி வெட்டி அதுல கழுவி ஊத்தி மண்ண மூடு. மீன் குஞ்சு துன்றதுக்கு ஒண்ணும் இல்லாம பூடும்."

அவன் சிரித்தான். "தெரியும் பாய். எங்கப்பா கூட சின்ன வயசுல வரும்போதுலேருந்து இதத்தான சொல்ற."

"சொன்னாதான் டின்னு. வாங்கினு போ."

அவன் போனதும் அவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. நான் டின் கேட்கவில்லை. "எப்பலேருந்து இப்படி சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அது கிளாஸ் எடுத்துக்கினு வந்துச்சே, அதுக்கடுத்த மழைலேருந்து. கொஞ்சம் பேரு எதிர்க்கடைக்குப் போனான். அப்புறம் வந்துட்டான்."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமேங்க."

அவர் கயிற்றுண்டையை எடுத்துச் சுற்றினார், மறுபடி பிரித்தார். "தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உங்கப்பாவே வந்து வாங்குவாரு, அவர்கிட்டயும் சொல்லித்தான குடுப்பேன். அவரு உங்ககிட்ட சொல்லி, நீங்க அதுகிட்ட சொல்லியிருப்பீங்கனு இருந்துட்டேன். தெரிஞ்சும் அது ஒண்ணும் கேக்கலியே, மனசு ஆறலபோலனு நானும் வாய மூடிக்கினேன்."

அப்பா என்னிடம் சொல்லவில்லை. பாய் ஏதோ சொல்வார் என்று கேட்டுக்கொண்டு வந்திருப்பார். எனக்கும் அப்பாவுக்கும் நடந்த பேச்செல்லாம் என் கல்யாணத்தைப் பற்றியதாகவே இருந்தது. குட்டையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

டின்னை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலிருந்து அவர் கேட்டார். "அம்மா, அந்த இன்னொரு கிளாஸு. அதுல நல்ல தண்ணிதான இருந்துச்சி?"

"ஆமாங்க."

"அதெல்லாம் உசுரோட இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"அதையும் ஊத்திட்டேன்" என்றார். அடுத்த ஆள் வந்து நிற்கிறவரை கல்லா மேஜையைப் பார்த்தபடியே இருந்தார்.

இதுதான் சேதி. நீ காத்திருந்தது சரிதான். அவர் அடுத்த மழைக்கே அசைந்துவிட்டார். நீ ஒவ்வொரு ரம்ஜானுக்கும் வந்து எதிரில் உட்கார்ந்தபோது அவரும் நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்திருக்கிறார். இதைக் கேட்டால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு அழுவாய். நான் அழுதுவிட்டேன். சிரிப்பதற்குத்தான் துணை இல்லை.

உன் சொட்டுக்குழாய் என்னிடம்தான் இருக்கிறது. வாய் அகலமாக வேண்டும் என்று நீயே நுனியை உடைத்து, நெருப்பில் காட்டி மழுக்கிய குழாய். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் டின்னைக் கொடுக்க ஊருக்குப் போகிறேன். அவன் டேங்கை எங்கே கழுவுகிறான் என்று பார்க்க வேண்டும். அப்படியே குட்டையில் இறங்கி ஒரு கிளாஸ் அள்ளி வருவேன். தண்ணீர்த் தெள்ளு கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், லேசாக ஆட்டிவிட்டுச் சும்மா இருந்து பார்ப்பேன்.

இருந்தால், அந்தக் கிளாஸை உன் அண்ணனுக்குக் கொண்டு போய்க் காட்டுவேன். சந்தை நாளாக இல்லாமல், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போவேன்.